கொன்ஸ்ரன்சிக்கு மரண அறிவித்தல் போட்டவர்

எந்தப் பேச்சையும் மூன்றாவது வசனத்துக்குள் ஒரு போர்க்கப்பலில் ஏற்றிவிடக்கூடிய மனிதர் உலகத்தில் ஒரேயொருவர்தான் இருந்தார். கடலே இல்லாத சுவிட்சர்லாந்தில், பாடன் நகரில், எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அவர் குடியிருந்தார்.

வெங்காய விலை, விசா, மருமகள் கொடுமை, மூடுபனி. எதில் தொடங்கினாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். ஒருநாள் சலவை அறையில் அம்மா ஈரத்துணியைக் கூடைக்குள் போட்டபடி, "முழங்கால் தேஞ்சுபோச்சாம் அண்ணை, டொக்டர் சொல்லுறார்" என்றார்.

"கொன்ஸ்ரன்சிக்கும் அடி அரிச்சுத்தான் போனது" என்றார் அவர், தன் சட்டைகளை மடிப்பதை நிறுத்தாமல். "கடற்புழு. பிறகு அடி முழுக்கச் செப்புத் தகடு அடிச்சவங்கள். அதோட வேகமும் கூடினது."

"அப்ப எனக்கும் செம்பு அடிக்கச் சொல்லுறியளோ?"

"அடிச்சா நல்லம்தான்."

அம்மா கூடையோடு மேலே வந்து கதவைச் சாத்தினார். "அந்தக் கப்பலுக்கு முழு விசர்."

அவருக்குப் பெயரே அதுதான். முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் 'கப்பல்'. முகத்துக்கு நேரே அண்ணை. எனக்கு மட்டும் மாமா.

கொன்ஸ்ரன்சி என்பது பதினெட்டாம் நூற்றாண்டில் பிரித்தானியக் கடற்படையில் சேவை செய்த, எழுபத்து நான்கு பீரங்கிகள் பொருத்திய மரக்கப்பல். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருவர் அதனிடம் அகப்பட்டுக்கொண்டது இப்படித்தான். அவர் வந்திறங்கிய குளிர்காலத்தில் அகதிகள் விடுதியின் அலமாரியில் ஆங்கிலப் புத்தகம் ஒன்றே ஒன்று இருந்தது. பழைய போர்க்கப்பல்களின் சேவை வரலாறு. அதிலும் முக்கால்வாசித் தாள்களை யாரோ புகையிலை சுற்றக் கிழித்துப் புகைத்துவிட்டார்கள். முழுதாகத் தப்பியது ஒரு கப்பல்தான். ஜேர்மன் மொழி தெரியாத, வேலை செய்ய அனுமதி இல்லாத அந்த இளைஞர் அதையே திரும்பத் திரும்ப வாசித்தார். மற்றவர்கள் அந்த விடுதியிலிருந்து நெஞ்சுச் சளியோடு வெளியே வந்தார்கள். இவர் கொன்ஸ்ரன்சியோடு வந்தார்.

நான் இங்கேயே பிறந்து, பொறியியல் படித்து, ஒரு சோதனைக்கூடத்தில் பம்புகளோடு வேலை செய்கிறேன். எந்தப் பாகம் எப்போது பழுதானது, யார் மாற்றினார்கள் என்று வாசிப்பதும் எழுதுவதும் என் தொழில். அதனால்தானோ என்னவோ, கப்பல் மாமாவின் கதையை முழுதாகக் கேட்டு முடித்த ஒரே ஆள் நான். அதை வரிசையில் சொன்னால்: கட்டினார்கள். நீரில் இறக்கினார்கள். அப்போது போர் இல்லாததால் பாய்மரங்களைப் பொருத்தாமல், மேலே கூரை போட்டுத் துறைமுகத்தில் கட்டிவைத்தார்கள். போர் வந்தது, ஆட்களை ஏற்றினார்கள். புயலில் நடுப் பாய்மரம் முறிந்தது. பழுது பார்த்தார்கள். கிழக்கே அனுப்பினார்கள். திருகோணமலையில் தண்ணீர் கசிந்துகொண்டு நின்றது. ஒரு பெரிய சண்டைக்குப் புறப்பட்டு, சண்டை முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தது. திரும்பி வந்தது. ஆட்களை இறக்கினார்கள். பிறகு மருத்துவமனைக் கப்பல். பிறகு கைதிகளை அடைக்கும் கப்பல். பிறகு உடைத்து, பலகையாக விற்றார்கள்.

"ஒரு சண்டைகூட வெல்லேல்லையோ மாமா?"

"சண்டை பிடிக்கிறது ஒரு பின்னேர வேலை பிள்ளை. மிச்சமெல்லாம் காத்துக்கொண்டு நிக்கிறதுதான். பாய்மரம் இல்லாமல் கட்டி வைச்சிருந்தாங்களே, அது அவளுக்கு எஃப் காட்."

எஃப் காட் என்பது, இப்போதைக்கு இருக்கலாம், எப்போது போகச் சொல்வோம் என்று தெரியாது என்ற அனுமதி. மாமா தன் இளமையில் பெரும்பகுதியை அந்த அட்டையில் கழித்தவர்.

சனிக்கிழமைகளில் சூரிச்சுக்குப் போய், லாங்ஸ்ட்ராஸ வீதிப் பக்கம் யோகன் அண்ணையின் பலசரக்குக் கடையில் அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்திருப்பார். வெளியே ட்ராம் போய்வரும். இவர் கைபேசியில் மரண அறிவித்தல்கள் வாசிப்பார். எங்கள் ஆட்களின் அறிவித்தலில் இறந்தவரைப் பற்றி அதிகம் இராது. பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், அவ்வளவுதான். மிச்சமெல்லாம் உறவு. இன்னாரின் அன்பு மகன், இன்னாரின் பாசமிகு கணவர், இன்னார் இன்னாரின் மைத்துனர், சகலன், பெரியப்பா, பேரன். மாமா ஊரைத் தாண்டி நேரே அந்தப் பகுதிக்குத்தான் போவார்.

"இஞ்சை பார் யோகன், இந்த மனிசனுக்குச் சொந்தக்காரர் ரெண்டு பக்கம். எனக்கு ஒரு வரி. பிறந்தார், பாடனில இருந்தார், போனார். உன்ர கடையில வாங்கிற சாமான் லிஸ்ற்கூட அதைவிட நீளம்."

"உங்களுக்கு இப்ப என்ன அவசரம் அண்ணை? முதல்ல மூட்டையில இருந்து எழும்புங்கோ, ஆள் அரிசிக்கு நிக்குது."

அவர் பகிடியாகச் சொன்னது முழுக்க உண்மை. தாய் தகப்பன் இல்லை. கலியாணம் கட்டவில்லை. ஓர் அண்ணன் இருந்தார். போரில் காணாமற்போனார், எந்த நாள் என்று சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. யாருடைய பெயரும் இல்லாமல் ஒரு வரியில் முடிந்துபோவோம் என்பதுதான் மாமாவுக்கு இருந்த ஒரே பயம். சாவைப் பற்றிப் பயந்ததாக எனக்குத் தெரியவில்லை. கப்பலின் சேவை வரலாற்றை அவர் அவ்வளவு நேசித்ததற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். உறவே இல்லாமல், செய்த வேலையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வாழ்க்கையைப் பக்கக்கணக்கில் எழுதலாம் என்று அவருக்குக் காட்டியது அந்தக் கிழிந்த புத்தகம்தான்.

அந்தக் கப்பலை உடைத்த நாள் என்று அவர் வைத்திருந்த ஒரு நாள் வந்தபோது, எங்கள் ஊர் வாட்ஸப் குழுவிலும் யோகன் அண்ணையின் கடைக் கண்ணாடியிலும் ஓர் அறிவித்தல் வந்தது. குத்துவிளக்குப் படத்தோடு.

"இங்கிலாந்தைப் பிறப்பிடமாகவும், திருகோணமலையைத் தற்காலிக வதிவிடமாகவும் கொண்ட கொன்ஸ்ரன்சி அவர்கள், நீண்டகாலச் சேவையின் பின் காலமானார். அன்னார் பேஷன்ஸ், சரிற்றி ஆகியோரின் பாசமிகு சகோதரியாவார்." ஒரே வரைபடத்தில் கட்டிய கப்பல்களைச் சகோதரிகள் என்பார்களாம். நினைவு நிகழ்வு, எங்கள் கட்டடத்தின் பொது அறையில்.

செத்தவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்பதால் சனம் சாப்பாட்டோடு வந்தது. அம்மா இடியப்பமும் சொதியும் கொண்டுபோனார். யோகன் அண்ணை கடையைப் பூட்டிவிட்டு மாலையோடு வந்தார். ஆராவ் நகரிலிருந்து எங்கள் ஊர் ரஞ்சி அக்கா கண்களைத் துடைத்தபடியே வந்து இறங்கினார்.

"கொன்ஸ்ரன்சி ரீச்சர் எனக்குக் கணக்குப் படிப்பிச்சவ. சரியான அடி அடிப்பா. ஆனா தங்கமான மனிசி."

"கிறிஸ்தவ ஆளோ?" என்றார் அம்மா.

"பின்னை? சேர்ச்சில பாட்டும் பாடுறவ."

மாமா கறுப்புக் கோட்டோடு எழுந்து, கையில் தாள்கூட இல்லாமல் தொடங்கினார். ஓக் மரம் வெட்டியதிலிருந்து. கடற்புழு அரித்த இடத்தில் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். பாய்மரம் முறிந்தபோது யோகன் அண்ணை மாலையை மெல்ல மடியிலிருந்து எடுத்துக் கதிரைக்குக் கீழே வைத்தார். ஒருவரும் எழும்பவில்லை. சாப்பாடு கொண்டுவந்தாயிற்று, வெளியே மழை, அடுத்த ரயிலுக்கும் நேரம் இருந்தது. பலகைகளை விற்ற இடத்தில் மாமாவின் குரல் உடைந்தது. அறையில் இருந்தவர்களில் பாதிப்பேர் விடுதிகளிலும் முகாம்களிலும் கட்டிவைக்கப்பட்டவர்கள். சிலர் உண்மையாகவே மூக்கைச் சிந்தினார்கள்.

ரஞ்சி அக்காவுக்கு மட்டும் கணக்குச் சரிவரவில்லை. "அப்ப எனக்கு அடிச்சது ஆர்?"

ஒரு மாதத்துக்கு ஒருவரும் மாமாவோடு கதைக்கவில்லை. இடியப்பம் கொண்டுபோன பாத்திரத்தை அம்மா கேட்டு வாங்கவும் இல்லை. பிறகு அவரே அதை மினுக்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டினார். "கொன்ஸ்ரன்சின்ர சமையல்காரனும் இப்பிடித்தான்..." என்று தொடங்கினார். அம்மா சிரித்துவிட்டார்.

கடந்த நவம்பரில், பகல் முழுக்க விளக்கெரிக்க வேண்டிய மூடுபனிக் காலத்தில், மாமாவை ஆராவ் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். கணையத்தில் தொடங்கிய புற்றுநோய் எங்கும் பரவியிருந்தது. வைத்தியர் மிகக் கவனமாக, சுற்றி வளைத்து விளக்கினார். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, உடைந்த ஜேர்மன் மொழியில், மரம் உளுத்தால் பழுதுபார்க்கிற செலவு புதுக்கப்பல் செலவைத் தாண்டும், அதற்குமேல் அட்மிரல்கள் கையெழுத்து வைக்கமாட்டார்கள் என்று அவருக்கு ஆறுதல் சொன்னார். வைத்தியர் என்னிடம் தனியாக, நோயாளி குழப்பத்தில் இருக்கிறாரா என்று கேட்டார். "இல்லை, இதுதான் அவர் தெளிவாக இருக்கிற நிலை" என்றேன்.

ஒருநாள் மாமா என்னிடம், "பிள்ளை, நீ ஒழுங்காப் பட்டியல் போடுற ஆள். என்ரையை எழுதித் தா" என்றார்.

எழுதினேன். எனக்குத் தெரிந்த விதத்தில், அவருக்குப் பிடிக்கும் என்று நினைத்த விதத்தில். விடுதியில் நங்கூரமிட்டுக் காத்திருத்தல். முதற்பணி: சூரிச்சில் உணவகமொன்றில் கோப்பை கழுவுதல். உணவகம் மூடப்பட்டதால் பணி விடுவிப்பு. மறுபணி: அலுவலகத் துப்புரவு. முதுகு பழுது, திருத்தம். மூன்றாம் பணி: சலவைத் தொழிற்சாலை, ஓய்வு வரை. நிலைய மாற்றங்கள், பெரும் பழுதுகள், எல்லாம் வரிசையாக.

மாமா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாக வாசித்தார். "திறம்" என்றார். "'முதுகு பழுது' எண்டதுக்குப் பக்கத்தில 'கடும் காலநிலையால்' எண்டு போடு." மறுபடி முதலிலிருந்து வாசித்தார். தாளைப் போர்வையின் மேல் வைத்தார்.

"கப்பலுக்கெண்டால் இது காணும் பிள்ளை."

"அப்ப உங்களுக்கு?"

ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை, பனிதான். "எங்கட ஆக்களுக்கு அறிவித்தல் போட்டா, அண்டைக்கே சண்டை வரும். என்ர பேரை விட்டிட்டாங்கள், அவன்ரையை முன்னுக்குப் போட்டிட்டாங்கள் எண்டு. செத்தவீட்டுக்கே வராமல் நிப்பினம். நான் அதைப் பார்த்துச் சிரிக்கிறனான்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "எனக்கு ஒருத்தனும் கோவிக்கமாட்டான்."

நான் தாளை எடுத்து, அடியில் 'அன்பு மருமகள்' என்று என் பெயரை எழுதினேன். சகோதரியின் மகளையும் அப்படித்தான் அழைப்போம்.

அவர் அதை வெகுநேரம் பார்த்தார். "கொம்மா ஏசுவா."

அம்மா ஏசத்தான் செய்தார். அன்று மாலை தாளைப் பார்த்துவிட்டு, "நீ மருமகள் எண்டால் நான் ஆர்? அன்புச் சகோதரி எண்டு எனக்கு மேல் வரியில போடு. உன்னிலும் மூத்தவள் நான்தானே" என்றார். அடுத்தநாள் அவரே ஆராவுக்கு வந்து, கட்டிலோரத்தில் நின்று அந்த வரியைக் காட்டினார். மாமா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கொன்ஸ்ரன்சியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருந்தார். அவர் அப்படி இருந்ததை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அந்த வார முடிவில் மாமா போய்விட்டார். அறிவித்தலில் அவருடைய உண்மைப் பெயரைப் போட்டோம். ஒருவருக்கும் விளங்காது என்பதால் அடைப்புக்குறிக்குள் 'கப்பல்' என்றும் போட்டோம். சகோதரி ஒருவர், மருமகள் ஒருவர். காலையில் குழுவில் அனுப்பிவிட்டு வேலைக்குப் போனேன்.

முதல் அழைப்பு யோகன் அண்ணையிடமிருந்து. "என்ர பேர் எங்கை? அத்தனை வருஷம் என்ர அரிசி மூட்டையில இருந்த மனிசன். நான் என்ன றோட்டால போன ஆளோ?"

பிறகு ரஞ்சி அக்கா. "கொன்ஸ்ரன்சின்ர செத்தவீட்டில அழுதது நான் ஒருத்திதான். என்னை விட்டிட்டியள். இருக்கட்டும், இருக்கட்டும். நான் வரமாட்டன்." அவரைச் சமாதானப்படுத்தப் பம்புச் சோதனை ஒன்றை நிறுத்திவைக்கவேண்டியிருந்தது.

மாமாவோடு சலவைத் தொழிற்சாலையில் நின்ற மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக. மூன்றாமவர் இரண்டாமவரின் பெயருக்குக் கீழே தன் பெயர் வரக்கூடாது என்றார். மத்தியானம், எங்கள் மாடியில் இருக்கும் ஃப்ராவ் கெல்லர் என்ற சுவிஸ் கிழவி, கட்டட வாசலில் ஒட்டியிருந்த அறிவித்தலில் எந்த எழுத்தும் விளங்காமல், "இதில் நான் எங்கே இருக்கிறேன்?" என்று அம்மாவைக் கேட்டாராம். சலவை அறையில் தனக்குரிய முறைநாளை மாமாவுக்கு விட்டுக்கொடுத்தவராம்.

மாலையில் திருத்திய அறிவித்தலுக்கு உட்கார்ந்தேன். மச்சான், மைத்துனி, சகலன் என்று யாரை எந்த முறையில் போடுவது என்று அம்மாவும் யோகன் அண்ணையும் தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தார்கள். பெயர்கள் இரண்டாம் பக்கத்துக்குப் போயின. எனக்கு ஆராவ் மருத்துவமனைக்கு ஒரேயொரு அழைப்பு எடுக்கவேண்டும் போலிருந்தது.

"மாமா, சண்டை தொடங்கிட்டுது."