உஷ், ஐயா தூங்குகிறார்

மலையிறக்கத்தின் மூன்றாவது வளைவிலேயே கார் டிரைவரின் கையை மீறிவிட்டது. பிரேக்கை மிதித்தார். வண்டியோ சொன்ன பேச்சைக் கேட்காமல் வழுக்கிக்கொண்டே போய், பள்ளத்துக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றது.

வேலையில் சேர்ந்த முதல் நாள். பின்சீட்டில் முதலாளி தலையோடு போர்த்திக்கொண்டு தூக்கம்.

"ஐயா தூக்கத்தைக் கெடுத்தவன் எவனும் மறுநாள் வேலைக்கு வந்ததில்ல, பாத்துக்க" என்று மேனேஜர் காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்.

டிரைவர் கொட்டும் மழையில் பூனைபோல் இறங்கி, முன்டயரைக் குனிந்து தடவினார். தண்ணீரை வெளியே தள்ள வேண்டிய வரிப்பள்ளமெல்லாம் தேய்ந்து, முதலாளியின் மண்டை மாதிரி மொழுமொழுவென்றிருந்தது. பின்னே பிடிமானம் எங்கிருந்து வரும்? வண்டி ரோட்டில் ஓடவில்லை, தண்ணீர்மேல் மிதக்கிறது.

திரும்பி வந்து, பின்சீட்டுப் போர்வைக் குவியலை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததும் போன் அலறியது. மனைவி.

"என்னங்க, முதலாளி நல்ல மாதிரியா?"

"தூங்கறாரு, வை!" என்று கிசுகிசுத்துவிட்டு, போனையே அணைத்து வைத்தார்.

கண்ணாடியை மழை மறைத்தது. வைப்பரை வேகமாக்கலாமென்று ஸ்டியரிங்குக்குப் பின்னால் கைக்குத் தட்டுப்பட்ட தகட்டை இழுத்தார். என்ஜின் 'வீல்' என்று கத்தியது. வண்டியின் பின்பக்கம் ஆடிக்கொண்டு விலகியது. பதறிப்போய் இன்னொரு தடவை இழுத்தார். இன்னும் மோசம்!

"ஐயையோ, இது கியரு!"

இவர் அறிந்த கியர் முழங்காலுக்குப் பக்கத்தில் தடியாக நிற்கும். இங்கே ஸ்டியரிங்கின் காதில் கம்மல் மாதிரி தொங்குகிறது! இடது பக்கம் இழுத்தால் கியர் குறைகிறது, வலது பக்கம் இழுத்தால் கூடுகிறது. சட்டென்று குறைத்தால் சக்கரம் முரண்டுபிடித்து வழுக்குகிறது. கூட்டினால் பிடி கிடைக்கிறது, ஆனால் வண்டி பள்ளத்தைப் பார்த்துப் பறக்கிறது.

"மன்னிச்சுக்குங்க ஐயா" என்று ஒவ்வொரு குலுக்கலுக்கும் பின்பக்கம் முணுமுணுத்தார்.

அடுத்த வளைவில் பின்னால் 'தொப்' என்று ஏதோ விழுந்தது. முதலாளி சீட்டிலிருந்து கீழே விழுந்துவிட்டாரா? தூக்கி உட்கார வைத்தால் விழித்துக்கொள்வாரே! திரும்பிப் பார்க்கத் துணிவின்றி, மெல்லிய குரலில் தாலாட்டே பாட ஆரம்பித்தார்.

ஒரு கியர் குறைத்து, வண்டி அடங்கும்வரை பொறுத்து, அப்புறம் அடுத்ததைக் குறைத்து, உயிரைக் கையில் பிடித்தபடி ஒருவழியாக அடிவாரம் வந்து சேர்ந்தார். இத்தனைக்கும் முதலாளி அசையவில்லை. கொடுத்து வைத்த தூக்கம்! வேலை தப்பியது.

பங்களா வாசலில் வாட்ச்மேன் குடையோடு ஓடி வந்தார். டிரைவர் பெருமையோடு உதட்டில் விரல் வைத்தார்.

"உஷ்! ஐயா தூங்கறாரு."

"யாருப்பா தூங்கறது? பின்னால போர்வையும் கீழ விழுந்த பெட்டியுந்தான் இருக்கு. நீ குனிஞ்சு டயரைப் பாத்துக்கிட்டிருந்தப்ப ஐயா அந்தப் பக்கமா ஒதுங்கப் போனாராம். மலை மேல நனைஞ்சுக்கிட்டு நின்னு, இங்க போன் பண்ணி, உன் போன் ஏன் அணைஞ்சு கிடக்குன்னு கேக்கறாரு!"