ஜேடர்பாளையத்தில் நான் அழவே இல்லை

எனக்குப் பசி பொறுக்காது. எழுபது வயசில் இதைக் கூச்சமில்லாமல் எழுதுகிறேன். பதினெட்டு வயசில் இதை மறைக்கப் போய்த்தான் என் கல்யாணமே கவிழப் பார்த்தது.

எல்லாம் எங்கள் பெரியம்மா செய்த வேலை. கல்யாணத்தன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "புருசங் கண்ணு முன்னால மூணு வாய்க்கு மேல திங்காத சாமி. பஞ்சத்துல அடிபட்ட குடும்பம்னு நெனச்சுக்குவாங்க" என்றார். எடப்பாடிப் பக்கத்தில் இருந்த புகுந்த வீட்டில் அதனால் ஒரு தொல்லையும் வரவில்லை. ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் நாங்கள் சாப்பிடுவோம். அடுப்படியில் மாமியாரோடு உட்கார்ந்து நான் சட்டியை வழிப்பது என் கணவருக்கு எப்படித் தெரியும்?

ஒரு மாதம் கழித்து அவருக்கு என்னை அழைத்துக்கொண்டு ஊர் சுற்ற ஆசை வந்தது. அதை அப்படியே அப்பாவிடம் சொல்ல முடியுமா? திருச்செங்கோட்டு மலைக்கு வேண்டுதல் என்றார். (யார் வேண்டியது, எப்போது வேண்டியது என்று மாமனார் கேட்கவில்லை. அவரும் ஒரு காலத்தில் புது மாப்பிள்ளைதானே.) அப்போது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். அதனால் மாட்டு வண்டியைப் பூட்டி, அவரே ஓட்ட, நாங்கள் இருவர் மட்டும் கிளம்பினோம். அவர் கண் முன்னால் நான் சாப்பிட்டாக வேண்டிய முதல் பயணம் அது.

அவருக்கோ கண்டதையெல்லாம் ருசி பார்க்க வேண்டும். சங்ககிரி போய்ச் சேர்வதற்குள் நாலு இடத்தில் வண்டி நின்றது. மணலில் வறுத்த கடலை, நுங்கு, தேங்காய்ப்பால் ஊற்றிய சந்தகை.

"தின்னு பாரு அம்மிணி, வாயில வெச்சதும் கரையுது."

மூன்று வாய் எண்ணித் தின்றுவிட்டு, "போதுங்க" என்பேன். என் வயிறு போட்ட சத்தத்தை அச்சாணி கத்துவதாக நினைத்து, அவர் இறங்கிச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டார்.

சங்ககிரிக் கோட்டைக்கு ஏறினோம். ஒவ்வொரு வாசலிலும் நின்று, அந்தக் காலத்தில் படை எப்படி ஏறியது என்று கையை வீசி வீசிச் சொன்னார். உச்சியில் நின்று, "அதோ பாரு, எத்தன அழகா இருக்குது" என்றார். எனக்குக் கடலைக்காடு மட்டும்தான் தெரிந்தது. அதைப் பிடுங்கி வறுத்தால் எத்தனை படி தேறும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் திருச்செங்கோட்டில் மலையேறிச் சாமி கும்பிட்டோம். அடிவாரத்தில், வெல்லமும் பருப்பும் வைத்து நெய் மணக்கச் சுட்ட ஒப்பிட்டைப் பிட்டு நீட்டினார். அந்த வேளைக்கு அதற்கு முன்பே மூன்று வாய் ஆகியிருந்தது. வேண்டாங்க என்றேன்.

"அந்தச் சாமியே பாதி ஒடம்பப் பொண்டாட்டிக்குக் குடுத்துட்டு நிக்குது. நீ எங்கிட்டப் பாதி ஒப்பிட்டு வாங்க மாட்டீங்கற" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு அவ்வளவாகப் பேசவில்லை. என் அடக்கத்தைப் பார்த்துப் பூரித்துப் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன். (அவ்வளவு அறிவு எனக்கு.)

மூன்றாம் நாள் ஜேடர்பாளையம். அணைக்கட்டில் காவிரி பால் மாதிரி நுரைத்து விழுந்தது. கரையில் மீன் வறுத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் ஏதோ சொல்லிவிட்டு, மாடுகளைக் குளிப்பாட்ட அவர் ஆற்றில் இறங்கினார். மிளகாய் அரைத்துப் பூசிய கெண்டை கல்லில் சொய்யென்று பொரிந்தது. அந்த வாசனை இருக்கிறதே, பெரியம்மாவே நேரில் வந்து நின்றிருந்தாலும் என்னைத் தடுத்திருக்க முடியாது.

"ஒண்ணு தின்னு பாருங்கக்கா."

ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். ஒன்று தின்றேன். நாலு தின்றேன். கேட்கக் கேட்க அவளும் போட்டாள். பதினோராவது மீனில் பாதியில் இருக்கும்போது பின்னாலிருந்து "அம்மிணி" என்று குரல் கேட்டது. திடுக்கிட்டு அப்படியே விழுங்கினேன். முள் தொண்டையில் குறுக்கே நின்றது.

இலையை முந்தானையால் மூடிக்கொண்டு திரும்பினேன். கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர், வாயில் பேச்சில்லை. அவர் பதறிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏஞ்சாமி அழுகுற? எங்கம்மா ஏதாச்சும் சொல்லுச்சா?"

இல்லையென்று தலையாட்டினேன்.

"என்னையப் புடிச்சிருக்குதா?"

முந்தின கேள்விக்கு ஆட்டிய தலை இன்னும் நின்றிருக்கவில்லை.

அவர் முகம் செத்துப் போயிற்று. "செரி. மூணு நாளாப் பாக்கறேன், எங்கையால குடுத்தா உனக்கு ஒரு வாயி எறங்க மாட்டீங்குது. உங்கூட்டுலயே கொண்டுபோயி உட்டுப்போடறேன்" என்று எழுந்து மாட்டைப் பூட்டப் போனார்.

எனக்கு உயிரே போய்விட்டது. அந்த மூன்று நாளில் அவரை எனக்கு அவ்வளவு பிடித்துப் போயிருந்தது. அதைச் சொல்லத்தான் தொண்டை இல்லை. ஓடிப்போய் அவருடைய ஈர வேட்டியைப் பிடித்து இழுத்தேன். அவர் திரும்பியே பார்க்கவில்லை.

மீன்காரப் பெண்தான் காப்பாற்றினாள். "அக்கா அழுகுலீங்கண்ணா. முள்ளு மாட்டிக்கிச்சு. நீங்க ரெண்டு பேருக்கும்னு சொல்லி வெச்ச மீன அவீகளே தின்னுபோட்டாங்க. உங்களுக்குத் தலைதானுங்க மிச்சம்."

அவள் உருட்டிக் கொடுத்த வெறும் சோற்றை மெல்லாமல் விழுங்கினேன். நாலாவது உருண்டையில் முள் இறங்கியது.

"புடிக்காம இல்லீங்க" என்றேன். "பசீங்க."

அவர் இலையைப் பார்த்தார். முள் குவியலைப் பார்த்தார். மணலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தவர், பெரியம்மாவின் சட்டத்தை நான் சொன்னதும் படுத்தே விட்டார். பிறகு மீன் தலைகளைத் தின்றுவிட்டு வண்டியைத் திருப்பினார். வந்த வழியில் நின்ற அத்தனை இடத்திலும் மறுபடி நிறுத்தினார். திருச்செங்கோட்டில் நான் ஆறு ஒப்பிட்டு தின்றதை, கோட்டையைப் பார்த்ததை விட ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்த அன்றே, பக்கத்தில் எனக்கும் இலை போட்டால்தான் சாப்பிடுவேன் என்று உட்கார்ந்துவிட்டார். மாமியார் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். (எட்டாம் நாள் அவருக்கும் மாமனார் பக்கத்தில் இலை விழுந்தது.) அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தப் பெண் கண்ணைக் கசக்கினாலும், "அழுகையா, முள்ளா?" என்று கேட்காமல் விடமாட்டார்கள்.

எங்கள் மகள் கல்யாணத்தன்று, அவள் புருஷன் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில், அவர் பந்தியில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். கன்னமெல்லாம் ஈரம்.

"என்னங்க?" என்றேன்.

"முள்ளு" என்றார். இலையில் இருந்தது பருப்பும் பாயசமும்தான்.