எல்டர்பெரிக்கு ஐஸ் வைத்தவர்

சூரியனோடு தனி ஆளாகச் சண்டைக்கு நின்றவர் எங்கள் கடலோர ஊரான கோலா சிலாங்கூரில் ஒருவர்தான். எங்கள் பக்கத்து வீட்டு ஐஸ்காரர். பாசிர் பெனம்பாங் மீன் கொட்டகைகளுக்கு ஐஸ் லோரி ஓட்டியவர் என்பதால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

மனைவி தவறிய பிறகு வீட்டில் அவர் மட்டும்தான். ஒரே மகளுக்கு இங்கிலாந்தில் வேலை. அவள் ஒருநாள் போனில், தன் வீட்டுக் கொல்லையில் எல்டர்பெரி கொத்துக் கொத்தாகக் கறுப்பாய்ப் பழுத்திருக்கிறது, ஜாம் காய்ச்சினேன் என்று சொல்லித் தொலைத்தாள். ஐஸ்காரர் உடனே ஆன்லைனில் இரண்டு கன்று தருவித்துவிட்டார்.

"எதுக்குண்ணே ரெண்டு?" என்று கேட்டேன்.

"ஒத்தையா இருந்தா ஒழுங்கா காய்க்காது தம்பி. இது மட்டும் இங்க காய்க்கட்டும், அப்புறம் அவளுக்கு அங்க என்ன லா வேலை? வந்துருவா பாரு."

குளிர்நாட்டுச் செடிக்குக் குளிர் வேண்டுமே! தினமும் மதியம் மீன் பெட்டிகளில் மிஞ்சிய ஐஸை அள்ளி வந்து வேரைச் சுற்றிக் கொட்டி, சாக்கால் மூடுவார். மீன் வாடைக்குக் எங்கள் கம்பத்துத் தெருப் பூனைகள் அத்தனையும் வந்து செடியடியில் குடியேறின.

"செடி வளக்குறீங்களா, பூனை வளக்குறீங்களா?" என்று என் மனைவி கேட்டாள்.

"காவலுக்கு இருக்கட்டும்மா," என்றார்.

செடிகள் கூரையைத் தொட்டன. காய் மட்டும் இல்லை. மகள் தீபாவளிக்கு வருகிறாள் என்றதும் மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை. அவள் வர நான்கு நாள் இருக்கும்போது கையகலத்தில் ஒரே ஒரு வெள்ளைப் பூங்கொத்து மலர்ந்தது. மழையில் உதிராமலிருக்க அதற்குக் குடை பிடித்து நின்றார்.

மகள் வந்தாள். பூவைப் பார்த்தாள், சாக்கைப் பார்த்தாள், பூனைகளைப் பார்த்தாள், அழுதுவிட்டாள்.

"காய்க்கலம்மா," என்றார், திருடி மாட்டிக்கொண்டவர் போல.

"ஒத்தையா இருந்தா காய்க்காதுன்னு போன்ல நீங்கதானே சொன்னீங்க? என்கூட வந்துருங்கப்பா."

போய்விட்டார்.

போன வாரம் அழைத்தார். "தம்பி, இங்க அது வேலியோரம் சும்மா மண்டிக்கிடக்கு லா! ஒரு பயலும் ஐஸ் வைக்கல!" பிறகு குரல் இறங்கியது. "நம்ம செடிக்கு?"

"வச்சிட்டேண்ணே."

பொய்யில்லை. வாரம் இரண்டு மூட்டை வாங்கிக் கொட்டுகிறேன். அது காய்க்காது என்று எனக்கும் தெரியும், பூனைகளுக்கும் தெரியும். அவர் இல்லாத கொல்லையை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கத்தான் எங்களால் முடியவில்லை.