ஒரு கரண்டி வெள்ளை

அன்பிற்கும் அதிகாரத்திற்கும் உரிய தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நான், உன் அண்ணி, மகன், மருமகள், பேத்தி எல்லாரும் என் இடது முழங்கால் ஒன்று நீங்கலாக நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சகல மூட்டுகளும் உட்பட நலமாயிருக்க வேண்டுகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ தங்கையாகப் பேசுவதே இல்லை, அதிகாரியாகத்தான் பேசுகிறாய். நான் தொண்டையைச் செருமுவதற்குள் "சரிண்ணா, பாத்துக்கலாம்ணா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயம் நம் தெருப் பிள்ளைகள் மையத்துச் சுவர். "குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தில் பால், இனம், நிறம் ஆகியவற்றை ஒருங்கிணைத்தல்" என்று நீ அனுப்பிய சுற்றறிக்கையை நான் முழுதாகப் படித்தேன் என்பதை முதலில் பதிவு செய்துகொள். உன் இலாகாவிலேயே அதை முழுதாகப் படித்தவர் இருப்பார்களா என்பது சந்தேகம். இந்த வம்புக்கு நான் தலையாட்டியதற்குக் காரணம் அந்தச் சுற்றறிக்கை அல்ல, அதுவும் உனக்குத் தெரியும். போன முறை நீ வந்திருந்தபோது பேத்தி ஒரு படம் வரைந்து காட்டினாளே, அதில் என் மீசை இருந்தது, உன் அண்ணியின் கண்ணாடி இருந்தது, அவள் அப்பனின் தொப்பைகூட இருந்தது. அவள் முகமும் அவள் அம்மா முகமும் மட்டும் வெறும் காகிதமாக விட்டிருந்தாள். நம் மருமகள் வேறு இனத்துப் பெண், பிள்ளைக்கு அவள் நிறம், அவள் சுருட்டை முடி. "மூஞ்சி எங்கடா கண்ணு?" என்று நீ கேட்டதற்கு, "எங்க கலர் அந்தப் பெட்டியில இல்ல அத்தைப்பாட்டி" என்றாள். மையத்துக் கலர்ப் பெட்டியில் 'தோல் நிறம்' என்று எழுதிய குச்சி ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அந்த நிறத்தில் தோல் உள்ளவர் எங்கள் தெருவில் ஒருவர்கூட இல்லை. ஆயுள் முழுக்கப் பெயிண்ட் கடையில் நின்று, திரைச்சீலைத் துண்டையும் சட்டைப் பொத்தானையும் கொண்டுவந்து "இதே கலர் வேணும்" என்று நின்றவர்களுக்கெல்லாம் இம்மி பிசகாமல் கலந்து கொடுத்தவன் நான். என் வீட்டுப் பிள்ளைக்குக் கலர் இல்லை என்றால் வயிறு எரியுமா எரியாதா? அதனால்தான் மையத்துச் சுவரில் பிள்ளைகளை அவரவர் நிறத்தில் வரைய வேண்டும் என்று நீ சொன்னதும் சரி என்றேன்.

ஆரம்பம் அமர்க்களமாகத்தான் இருந்தது. பிள்ளைகளை ஒவ்வொருவராகச் சுவரோரம் நிறுத்தி டீச்சர் சாக்பீஸால் உருவம் எடுத்தார். ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு என்ன செய்யப் பிடிக்கும் என்று சொல்ல வேண்டும், அதைச் செய்வதுபோல் படம். நான் நிறம் கலக்க வேண்டும். எப்படிக் கலந்தேன் தெரியுமா? முழங்கையின் உட்புறத்தில் ஒரு பொட்டு வைப்பேன், காய்ந்ததும் பொட்டு இருக்குமிடம் தெரியக் கூடாது. தெரிந்தால் மஞ்சளோ காவியோ கறுப்போ ஒரு சொட்டு கூட்டி மறுபடி வைப்பேன். பொட்டு மறைந்தால் டப்பாவில் அந்தப் பிள்ளையின் பெயர் எழுதி மூடிவிடுவேன். பேத்திக்கு மறைந்தபோது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து "காணோம்! காணோம்!" என்று மையம் முழுக்கக் குதித்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெயிண்ட் நெடி என்று டீச்சரிடம் சொல்லிச் சமாளித்தேன்.

அந்த வாரம் பார்த்து நீ டீச்சரைப் பயிற்சி வகுப்புக்கு அழைத்துக்கொண்டாய். என்ன பயிற்சி? பால், இனம், நிறம் ஆகியவற்றை ஒருங்கிணைப்பது எப்படி என்று. இங்கே ஒருங்கிணைத்துக்கொண்டிருந்த ஒரே ஆளை, ஒருங்கிணைக்கக் கற்றுக்கொடுப்பதற்காகக் கூட்டிக்கொண்டு போய்விட்டாய். போகும்போது அந்தப் பெண் என்னிடம் சொன்னது இதுதான்: "ஐயா, இது பிள்ளைங்க சுவர். பெத்தவங்க யார் வந்து என்ன கேட்டாலும் நான் வர்ற வரைக்கும் ஒண்ணும் மாத்தாதீங்க." நானும் மார்தட்டி வாக்குக் கொடுத்தேன்.

முதலில் வந்தவர் பல் டாக்டரம்மா. சுவரில் மகனைப் பார்த்தார், கதவைச் சாத்தினார், குரலைத் தாழ்த்தினார். "நான் கலர் வித்தியாசமெல்லாம் பாக்குற ஆளே கிடையாது, உங்களுக்கே தெரியும்" என்றார். எனக்கு எப்படித் தெரியும்? நாங்கள் பேசியதெல்லாம் என் வாயில் பஞ்சு அடைத்திருந்தபோது பேசியதுதான். "இது அவனோட சொந்தக் கலரே இல்லீங்க. வெயில்ல சுத்திச் சுத்தி இப்படி ஆயிட்டான். ஒரே ஒரு கரண்டி வெள்ளை சேத்தீங்கன்னா அவன் நிஜக் கலர் வந்துடும்." என் கடைவாய்ப் பல் ஒன்று அடுத்த வாரம் அவர் கைக்குப் போக வேண்டியிருக்கிறது. நான் என்ன செய்வேன், ஊற்றினேன்.

இந்தத் தெருவில் ரகசியம் என்பது பேக்கரிக்காரர் ரொட்டி அடுக்கி முடிக்கும் வரைதான் தாங்கும். மறுநாள் அவரே மாவுக் கையோடு வந்துவிட்டார். "பெயிண்ட் காஞ்சா கறுத்துடுமாமே? அதனால முன்கூட்டியே ரெண்டு கரண்டியா ஊத்திடுங்க" என்றார். காய்ந்தால் ஒரு சாயல் இறங்கும் என்பது உண்மைதான், தொழில் தெரிந்தவன் இல்லையென்று சொல்ல முடியுமா? ஊற்றினேன். அதைப் பார்த்த டாக்டரம்மா, "அவங்க பொண்ணு என் பையனை விட வெளுப்பா இருக்காளா?" என்று திரும்பி வந்தார். அப்புறம் ஏலம்தான். புதிதாகக் குடிவந்த மூலைவீட்டுக்காரரின் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவருக்குத் தெரியாது. மனிதர் கரண்டியைக் காட்டினார், வெள்ளை டப்பாவைக் காட்டினார், மகனைக் காட்டினார், விஷயம் முடிந்தது. இத்தனை இனத்துக்காரர்களும் ஒருமனதாகப் பேசி நான் கேட்டது இந்த ஒரு விஷயத்தில்தான்.

பால் என்ற பகுதியையும் நான் விட்டுவைக்கவில்லை. கிரேன் ஓட்டுகிறவரின் மகன், தொட்டியில் ஒரு குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் படம் கேட்டிருந்தான், வீட்டில் தம்பிப் பாப்பா பிறந்திருக்கிறது, அவனுக்கு வேறு நினைப்பே இல்லை. அப்பன் வந்து சுவர் முன்னால் நின்று, "நான் நாப்பது டன் தூக்குறவன் சார். என் புள்ள சோப்பைத் தூக்கிட்டு நிக்கிறானே" என்று கண் கலங்கிவிட்டார். அவ்வளவு பெரிய ஆள் கலங்கினால் எனக்குத் தாங்காது. குழந்தையை அழித்துக் கால்பந்தாக்கினேன். தொட்டியை அழிக்கப் பெயிண்ட் போதவில்லை. இப்போது அவன் கால்பந்துக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருக்கிறான். அதே கிரேனை ஓட்ட ஆசைப்பட்டவள் பேக்கரிக்காரர் மகள். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குங்க கிரேனு, பூ கீ ஏதாவது போடுங்க" என்றார் தகப்பனார். போட்டேன். கிரேனின் கொக்கியில் ஒரு பூந்தொட்டி தொங்குகிறது, கீழே ஹெல்மெட்டில் ரிப்பன் கட்டிக்கொண்டு அந்தப் பெண் நிற்கிறாள். தூரத்திலிருந்து பார்த்தால் விபத்து நடக்கப்போவதுபோல் இருக்கிறது என்று மகன் சொல்கிறான். பக்கத்திலிருந்து பார்த்தாலும் அப்படித்தான் இருக்கிறது.

கடைசியாக வந்தவர் உன் அண்ணி. வரவில்லை, சாப்பாட்டுத் தட்டை மேசையில் வைத்த சத்தமே வந்தது. "ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் அள்ளி அள்ளி ஊத்துறீங்க. சொந்தப் பேத்திக்கு ஒரு சொட்டு விட மனசு வரல" என்றாள். "இந்தச் சுவரே அவளுக்காகத்தான்டி" என்றேன். "அதைத்தான் நானும் சொல்றேன். எல்லாப் புள்ளையும் வெளுத்து நிக்கிறப்ப நம்ம புள்ள மட்டும் தனியாத் தெரிஞ்சா அதுக்கு மனசு கஷ்டப்படாதா?" உடனே உன் சுற்றறிக்கை எனக்கு ஞாபகம் வந்தது. 'எந்தக் குழந்தையும் தான் தனித்து விடப்பட்டதாக உணரலாகாது' என்று எழுதியிருந்தாயா இல்லையா? அரசாங்கமும் பெண்டாட்டியும் ஒரே கருத்தைச் சொல்லும்போது நடுவில் நிற்க நான் யார்? ஊற்றினேன். "தலையையும் கொஞ்சம் படிய வாரி விடுங்க" என்றாள், வாரினேன்.

இப்படியாக எல்லா டப்பாவும் ஏறி ஏறி ஒரே இடத்தில் வந்து நின்றுவிட்டன. என்ன நிறம் என்று கேட்பாய். வாடகைக்கு விடப்போகிற வீட்டுக்கு உரிமையாளர்கள் கேட்பார்களே, யாருக்கும் பிடிக்காமலும் போகாது, யாருக்கும் பிடிக்கவும் செய்யாது, அந்த நிறம். கடைசியில் தனித்தனி டப்பா எதற்கு என்று எல்லாவற்றையும் ஒரே வாளியில் கவிழ்த்து ஒரே பிரஷ்ஷால் முடித்தேன். ஒருங்கிணைப்பு என்றால் இதைவிட எங்கேயம்மா நடக்கும்?

மருமகள் வேலைக்குப் போகிற வழியில் வந்து பார்த்தாள். உன் அண்ணியிடம் தமிழ் கற்றவள் என்பதால் திட்டுவதற்கு வார்த்தைப் பஞ்சம் கிடையாது. ஆனால் பையைத் தோளில் மாட்டியபடி நெடுநேரம் நின்றுவிட்டு, "நல்லா இருக்கு மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும். அதை நான் நற்சான்றிதழாகவே எடுத்துக்கொண்டேன்.

ஆகவே அதிகாரியம்மாவுக்குத் தாழ்மையுடன் தெரிவிப்பது என்னவென்றால், சுவர் வேலை முடிந்தது. பெற்றோர் அனைவருக்கும் பரம திருப்தி. ஒரு புகார் இல்லை. வெள்ளிக்கிழமை நீ வந்து தாராளமாகத் திறந்துவைக்கலாம். டீச்சர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் நீதான் சமாதானம் சொல்ல வேண்டும். அடுத்த சுவருக்கு மனிதர்களே வேண்டாம், மரம், மலை, வாத்து என்று போட்டுவிடலாம். வாத்துகளின் தாய் தகப்பன் வந்து கதவைச் சாத்திக்கொண்டு பேசப்போவதில்லை. எனக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை, என்னை இந்தப் பொறுப்பிலிருந்து விடுவிக்கவும். விடுவித்து ஒரு வரி எழுதினால் போதும், பொன்னாடை எதுவும் வேண்டாம்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசிகள், நன்றாகப் படிக்கட்டும், உன்னைப்போல் சுற்றறிக்கை எழுதுகிற நிலைமைக்கு வராமல் சந்தோஷமாக இருக்கட்டும். நீ வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
கடமையை முடித்த நிம்மதியில்,
உன் அண்ணன்

பி.கு.: ஒட்டிய உறையைக் கிழித்துத்தான் இதை எழுதுகிறேன். தபால் பெட்டிக்குப் போகிற வழியில் பேத்தியையும் கூட்டிப்போய், மையத்தைத் திறந்து சுவரைக் காட்டினேன். விரலால் சுவரைத் தொட்டுக்கொண்டே இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை நடந்தாள். திரும்பவும் நடந்து வந்தாள். பிறகு ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள்: "தாத்தா, இதை வரைஞ்ச அன்னிக்கு நான் லீவா?"

"இல்லடா கண்ணு, நீ வந்திருந்தியே" என்றேன்.

"இல்ல, லீவுதான். டாக்டரம்மா வீட்டுப் பையனும் லீவு. எல்லாரும் லீவு. அப்ப இவங்கல்லாம் யாரு தாத்தா?"

நாற்பது டன் கிரேனைக் கொண்டுவந்தாலும் அந்த நேரத்தில் என் தலையைத் தூக்கி நிறுத்தியிருக்க முடியாது. அழுகையே வந்துவிட்டது, இந்த முறை பெயிண்ட் நெடி என்று சொல்ல டப்பாகூடத் திறந்திருக்கவில்லை.

எனவே மேலே எழுதியது அத்தனையையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். வெள்ளிக்கிழமை வராதே, வந்தால் பழைய புடவை கட்டிக்கொண்டு பிரஷ் பிடிக்க வா. சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. குளிக்க வேண்டிய பாப்பா தொட்டிக்குத் திரும்பும், கிரேன் கிரேனாகவே இருக்கும். கேள்வி கேட்டு வருகிற பெற்றோர் எல்லாரையும் உன் ஆபீசுக்கு அனுப்புகிறேன், நீயே உன் சுற்றறிக்கையைப் படித்துக் காட்டு. என் கடைவாய்ப் பல்லுக்கு வேறு டாக்டர் பார்த்துவை. விடுவிப்புக் கடிதம் எழுதியிருந்தால் கிழித்துப்போடு.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பேத்தி புது டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தபடி, முழங்கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். உன் அண்ணி வாசல்படியில் வாயைத் திறக்காமல் நின்று பார்க்கிறாள். "பத்தல தாத்தா, இன்னும் கறுப்பு ஊத்து" என்கிறாள் பிள்ளை. ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.