வேறொருவர் பயன்படுத்துகிறார்

அண்ணனின் தோளைத் தங்கையின் தோளோடு பட்டும் படாமலும் நிறுத்தி, இருவருக்கும் பின்னால் தம்பியைச் செருகிவிட்டு, டிசைனர் சேவ் கொடுத்தார்.

'இந்தக் கோப்பை வேறொருவர் பயன்படுத்துகிறார். சேமிக்க முடியாது' என்றது திரை.

டிசைனர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அதையேதான் சொன்னது, இன்னும் தெளிவாக.

ஸ்டுடியோவின் படங்கள் எல்லாம் அலமாரி மேல் இருந்த சர்வர் பெட்டிக்குள் இருந்தன. யாரும் தன் கம்ப்யூட்டரிலிருந்தே அதிலுள்ள படத்தைத் திறக்கலாம். ஆனால் ஒருவர் திறந்து வைத்திருக்கும்போது இன்னொருவர் அதைத் திருத்திச் சேமிக்க முடியாது. ஒரு ஆர்டருக்கு ஒரே பெயர்தான், வேறு பெயரில் சேமித்தால் பிரிண்டர் எடுத்துக்கொள்ளாது.

இந்தப் படமோ சாதாரணப் படம் இல்லை. அந்த மூன்று பேரும் பேச்சை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. காரணத்தை ஆளுக்கு ஒன்றாகச் சொன்னார்கள். மூவரையும் ஒரே படத்தில் பார்த்துவிட வேண்டும் என்று அவர்களுடைய அம்மாவுக்கு ஆசை. பக்கத்தில் பக்கத்தில் நிற்க மூவருமே மறுத்துவிட்டதால், தனித்தனியாக வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களைச் சேர்த்துவைக்கும் பொறுப்பு டிசைனர் தலையில் விழுந்தது. மூவரும் நேரில் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் பிரிண்ட் என்பது ஏற்பாடு.

"என் படத்தை யாராவது திறந்து வெச்சிருக்கீங்களா?" என்று அறையைப் பார்த்துப் பொதுவாகக் கேட்டார்.

"என் வேலையைத் திறக்கவே எனக்கு நேரமில்லை சார்" என்றார் ஆல்பம் வேலை செய்யும் அம்மாள். பிரிண்டர் ஆபரேட்டர் போலீஸைக் கண்டவர்போல் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்.

டிசைனர் சிஸ்டம் ஆளுக்குப் போன் போட்டார்.

"பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார். முக்கால்வாசி அதுலயே சரியாயிடும்."

"மீதிக் கால்வாசி?"

"அப்ப போன் பண்ணுங்க."

ஆஃப் செய்தார். ஆல்பம் அம்மாள் காலையிலிருந்து அடுக்கிய பக்கங்கள் சேமிக்கப்படாமலேயே காற்றில் போயின. நாற்காலியை டிசைனர் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு பார்த்தபடி இருந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பிரிண்டரும் பாதியில் நின்றதால் முதலாளி எட்டிப் பார்த்தார். "யாரு என்ன பண்ணினது?"

ஆல்பம் அம்மாள் மோவாயால் டிசைனரைக் காட்டினார்.

பெட்டி உயிர்பெற்றதும் டிசைனர் ஆசையாக சேவ் கொடுத்தார். வேறொருவர் பயன்படுத்துகிறார்.

சரி, சர்வரே வேண்டாம், தன் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று படத்தை இழுத்துப் போட்டார். இடம் போதவில்லை என்றது. எதை எதையோ அழித்தார். சேமித்துக்கொண்டிருக்கும்போதே இயந்திரம் உறைந்துபோனது. அணைத்துத் திறந்து பார்த்தால், தனித்தனி அடுக்குகளாக இருந்தவர்கள் ஒரே படலமாகப் படிந்துபோயிருந்தார்கள். தம்பியின் தலை மட்டும் எங்கோ தொலைந்திருந்தது. அண்ணனை நகர்த்தினால் தங்கையும் கூடவே வந்தார்.

அந்த நேரம் பார்த்து அண்ணனே போனில் வந்தார். "நான் சொன்ன மாதிரி அவளைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினீங்களா?"

"முடியலை சார். பிரிக்க முடியாத அளவுக்கு ஒட்டிட்டீங்க."

"நக்கலா?"

அன்று மாலை வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தவரிடம், "என்னாச்சுங்க?" என்றார் மனைவி.

"அண்ணனும் தங்கச்சியும் ஒட்டிக்கிட்டாங்க. தம்பிக்குத் தலை இல்லை."

மனைவி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டுப் படுங்க" என்றார்.

மறுநாள் மூவரும் வேறு வேறு நேரத்தில் வந்து ஏமாந்து திரும்பினார்கள். மூன்று முறை திட்டு வாங்கிய முதலாளிக்கு அலுத்துப்போய்விட்டது. "தனித்தனியா மன்னிப்புக் கேட்டு மாளலை. நாளைக்குக் காலையில மூணு பேரையும் ஒண்ணா வரச் சொல்லிட்டேன்."

"அடிச்சுக்குவாங்க சார்."

"அடிச்சுக்கிட்டா அது அவங்க பாடு. படம் இல்லைன்னா நம்ம பாடு."

வந்தார்கள், அம்மாவோடு. முன்னறையில் கவுண்டரை விட்டால் இருந்ததோ ஒரே ஒரு பெஞ்சு. டிசைனர் உள்ளே பழைய பிரதி ஒன்றைத் தேடிப் பிடித்து முதலிலிருந்து கட்டிக்கொண்டிருந்தார். சேவ் மட்டும் ஆகவில்லை. சிஸ்டம் ஆள் போனிலேயே ஏதோ அனுமதிகளை மாற்றச் சொன்னார். மாற்றியதும் அந்த ஃபோல்டர் ஸ்டுடியோவில் எல்லாருக்கும் திறந்தது, டிசைனரைத் தவிர.

வெளியே தங்கையின் குரல் உயர்ந்தது. அண்ணனின் குரல் அதற்கு மேல் ஏறியது. தம்பி நடுவில் ஏதோ கத்தினார். பிறகு ஒரேயடியாக அமைதி.

ஆல்பம் அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "உங்களைத்தான் திட்டறாங்க. மூணு பேரும் சேர்ந்து."

"சேர்ந்தா?"

"ஒருத்தர் விட்ட இடத்துல இன்னொருத்தர் எடுத்துக்கறார். உங்களுக்கு வேலையே தெரியாதுங்கறதுல மூணு பேருக்கும் ஒரே கருத்து."

மதியம் தம்பி வெளியே போய் எல்லாருக்கும் டீ வாங்கி வந்ததாகத் தகவல் வந்தது. அதன்பின் சிரிப்புச் சத்தம்.

"எதுக்குச் சிரிக்கறாங்க?"

"வேற எதுக்கு, உங்களை நினைச்சுத்தான்."

டிசைனர் அனுமதியை மீட்டார், படத்தை மீட்டார், தம்பியின் தலையைக்கூட மீட்டார். சேவ் மட்டும் நடக்கவில்லை. இருபது வருஷ வேலையில் கற்றதெல்லாம் மறந்துவிட்டதோ என்று தன் மேலேயே சந்தேகம் வந்தது. அடுத்த நாளும் அவர்கள் நால்வரும் வந்தார்கள், கடை திறக்கும் முன்பே. இன்று விடமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு டிசைனர் பின்வாசல் வழியாக உள்ளே போனார்.

முதலாளி கத்தியதில் சிஸ்டம் ஆள் ஒருவழியாக நேரில் வந்தார். சர்வருக்குள் நுழைந்து நாலு தட்டுத் தட்டினார்.

"யார் திறந்து வெச்சிருக்காங்கன்னு இதுலயே காட்டுமே சார்."

"இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே."

"முதல் நாள் நீங்க என்னைக் கூப்பிடலை, போன்தானே பண்ணினீங்க." திரையில் விரலை வைத்தார். "கவுண்டர்ல இருக்கற மெஷின். நாலு நாளா இந்தப் படத்தை அவங்க மூடவே இல்லை. பெட்டியை நீங்க ஆஃப் பண்ணினப்ப மட்டும் விட்டுருக்கு. வந்த உடனே அதுவே மறுபடி பிடிச்சுக்கிச்சு."

டிசைனர் எழுந்தார். கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. அதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருந்தது.

முன்னறையில் மூன்று தலைகளும் ஒரே போன்மேல் கவிழ்ந்திருந்தன. அண்ணன் எதையோ சொல்ல, தங்கை அவர் முதுகில் ஒன்று வைத்தார். தம்பி கண்ணில் நீர் வரச் சிரித்தார். டிசைனரைப் பார்த்ததும் மூவரும் ஒரே சமயத்தில் முகத்தை இறுக்கிக்கொண்டார்கள். பெஞ்சின் ஓரத்தில் அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு, எந்த அவசரமும் இல்லாதவராக உட்கார்ந்திருந்தார்.

கவுண்டர் பெண்ணின் திரை முழுக்க அந்த மூவர் படம்தான்.

"ஏம்மா," என்றார் டிசைனர், குரலைத் தாழ்த்தி. "இத்தனை நாளா நீதான் இதைத் திறந்து வெச்சிருந்தியா?"

அந்தப் பெண் பெஞ்சுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அவரைவிடத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"முதல்ல தெரியாமத்தான் திறந்து வெச்சிருந்தேன் சார், நேத்து மூடப் போனப்ப வேண்டாம்னு கேட்டுக்கிட்டது அவங்க அம்மா. படம் முடிஞ்சுட்டா மூணு பேரும் எழுந்து போயிடுவாங்களாம்."