மாதா கோயிலில் நான் எழுந்து நின்ற விவகாரம்

வண்டிப்பெரியார்,
மே 1974

மறையூரில் வெல்லம் காய்ச்சும் மூத்த மச்சான் பழனிச்சாமி அவர்களுக்கு, தங்கச்சி புருஷன் ராக்கப்பன் கும்பிட்டு எழுதுவது. இங்கே தேயிலைக்காட்டு அட்டைகள் உட்பட அனைவரும் சுகம்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க யாரு, எதைக் கும்பிடுறாங்க, விவரமா எழுதாம எம் மருமகளுக்குப் பட்டு எடுக்க மாட்டேன்" என்று எழுதியிருந்தீர்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவனை வேதம் எழுதச் சொன்ன பாவம் உங்களையே சேரும். கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரிடம் கேட்டதை எழுதுகிறேன். இயேசுநாதர் யூத தேசத்தில் மாட்டுக்கொட்டிலில் பிறந்து, தச்சர் வீட்டில் வளர்ந்து, ஏழைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டு, நோயாளிகளைக் குணமாக்கி, அதிகாரிகளுக்கு ஆகாமல் சிலுவையில் அறையப்பட்டு, மூன்றாம் நாள் உயிர்த்தாராம். அவருடைய சீடர் ஒருவர் கப்பலேறி நம் மலையாளக் கரைக்கே வந்தார் என்கிறார்கள். கடவுள் ஒருவரே, ஆனால் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூன்று ஆள். "மூணு பேரு எப்படிங்க ஒண்ணு?" என்றேன். "அது கணக்கில்ல ராக்கப்பா, விசுவாசம்" என்றார். என் வீட்டிலும் மூன்று பேர்தான்; ஒரு நாளும் ஒன்றானதில்லை. தலையில் தண்ணீர் ஊற்றிச் சேர்த்துக்கொள்கிறார்கள், நம் பெண் ராமுத்தாய்க்கு ஈஸ்டரன்று ஊற்றியாயிற்று. இயேசுநாதருடைய கடைசி விருந்தை நினைத்து ஞாயிறுதோறும் அப்பம் பகிர்கிறார்கள். பாவத்தைச் சாமியார் காதில் சொல்கிறார்கள். விரோதியை மன்னிக்க வேண்டுமாம்; மச்சானைப் பற்றித் தனியாக எதுவும் சொல்லவில்லை.

இனி என் கஷ்டத்தைக் கேளுங்கள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்களாம், அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று சபைக்கு அறிவிப்பு. போன ஞாயிறு முதல் ஓலை என்று சம்பந்தி கத்தரீனாள் கூப்பிட்டதால் போனேன். எழுகிறார்கள், உட்காருகிறார்கள், முழங்கால் போடுகிறார்கள். நான் எல்லாவற்றிலும் ஒன்று பிந்தியே இருந்தேன். சாமியார், மாப்பிள்ளை சவரிமுத்து பெயரையும் நம் பெண் பெயரையும் வாசித்து, "இந்தக் கலியாணத்துக்குத் தடை தெரிஞ்சவங்க சொல்லணும்" என்றார். சபையில் பெரியவர் கேட்டால் பெண்ணைப் பெற்றவன் எழுந்து பதில் சொல்வதுதானே மரியாதை? எழுந்தேன். கோயிலே திரும்பிப் பார்த்தது. பெண்கள் பக்கத்திலிருந்து ராமுத்தாய், "அப்பா, உக்காருங்கப்பா!" என்கிறாள். "என்ன தடை, சொல்லுங்க" என்கிறார் சாமியார். ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் எழுந்தேன் மச்சான், வாய் குளறி, "தாய்மாமன் மட்டும் இன்னும் சம்மதிக்கல சாமி"ன்னு வந்துருச்சு. சவரிமுத்து மூஞ்சி கருத்துப்போச்சு. உங்க தங்கச்சி சின்னத்தாய் அன்னைலருந்து, "எந்திரிக்கத் தெரிஞ்ச மனுசனுக்கு உக்காரத் தெரியலயே"ன்னு சொல்லிச் சொல்லியே கஞ்சி ஊத்துறா. ஆகவே மூன்றாம் ஓலைக்குள் நீங்கள் நேரில் வந்து, தடை இல்லை என்று சாமியாரிடம் சொல்லாவிட்டால் கல்யாணம் நின்றுபோகும்.

பெரியவர்களுக்கு வணக்கம், சின்னதுகளுக்கு ஆசி, உங்கள் கோபத்துக்குத் தனியாக ஒரு கும்பிடு.

இப்படிக்கு,
ராக்கப்பன்

பின்குறிப்பு: உபதேசியார் இப்போதுதான் வந்துபோனார். "மாமன் கோவமெல்லாம் ஒரு தடையா? சாமியார் அன்னைக்கே சிரிச்சிட்டு விட்டுட்டாரு" என்கிறார். உங்கள் சம்மதம் கோயிலுக்குத் தேவையே இல்லையாம். கடிதத்தைக் கிழிக்கப் போனேன். ராமுத்தாய் பிடுங்கிக்கொண்டாள். "கோயிலுக்கு வேண்டாட்டி என்னப்பா? எனக்கு வேணும். மாமா வராம நான் மாலை போட மாட்டேன்" என்று அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறாள். தடை இப்போது என் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது மச்சான். பட்டு பிறகு எடுத்துக்கொள்ளலாம், முதலில் பஸ் ஏறுங்கள்.