ஆர்ச்சைத் தாண்டிய தண்ணீர்

தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகளிடம் ஓவியக் கலையை வளர்ப்பது என்று மேலிடத்தில் முடிவாகிவிட்டது. மேலிடம் முடிவெடுத்த பிறகும் வளராமல் இருக்கக் கலைக்கு என்ன துணிச்சல்? மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உடனே போட்டி அறிவித்தார்கள். தலைப்பு, குற்றாலச் சீசன். முதல் பரிசு வாங்கும் படம் மாநிலப் போட்டிக்குச் சென்னை போகும். வரைந்த பிள்ளையும் கூடவே போகும்.

பாவூர்சத்திரம் மாரிச்செல்விக்குச் சென்னை போக ஆசை. தன் அப்பாவைச் சென்னையில் நாலு பேர் படமாகப் பார்க்க வேண்டும் என்பது அதைவிடப் பெரிய ஆசை. காய்கறி டெம்போ ஓட்டும் சங்கரபாண்டி, உடம்பெல்லாம் எண்ணெய் வழிய மெயின் அருவியில் பாதுகாப்புக்குக் கட்டிய ஆர்ச் வளைவுக்கடியில் நின்று, கையைத் தூக்கிக் கூப்பாடு போடுகிற மாதிரி வரைந்திருந்தாள். வருஷமெல்லாம் தக்காளிக்கும் வெங்காயத்துக்கும் நடுவில் கிடக்கிற மனுஷனுக்குச் சீசனில் குளிக்கப் போகிற அந்த ஒருநாள்தான் திருநாள்.

தேர்வுக் குழுத் தலைவர் தங்கசாமி படத்தை எடுத்தார். கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார்.

“ஏட்டி, தண்ணி ஆர்ச்சைத் தாண்டி விழுதே?”

“ஆமா சார். நல்ல சீசன்லா.”

“ஆர்ச்சைத் தாண்டினா குளிக்கத் தடை. தெரியாதா? கீழ நிக்க ஆளு யாரு?”

“எங்கப்பா சார்.”

“உங்கப்பா தடையை மீறிக் குளிப்பாரு, அதுக்கு நான் பரிசு குடுக்கணும். நல்லாருக்கே!”

ஓவிய ஆசிரியர் முகம்மது மீரான் மெல்ல வாயைத் திறந்தார். “சார், இது படம்லா?”

“படத்துல வெள்ளம் இழுக்காதோ? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா யாரு பதில் சொல்லுதது?”

மறுநாள் தண்ணீரைக் குறைத்து வேறு படம் கொண்டுபோனாள். குழு உறுப்பினர் ஜெயசித்ரா மேடத்துக்கு முகம் வாடிவிட்டது.

“சீசன்லயே இம்புட்டுத்தான் விழுதுன்னு சென்னையில நெனச்சுட்டா சுற்றுலா என்னத்துக்கு ஆகும்? தண்ணியைக் கூட்டும்மா.”

“கூட்டினா அப்பா குளிக்க முடியாதே மேடம்?”

“அப்பாவை வெளிய எடுத்துரு.”

குழு கூடியது. பொதுமக்களின் பாதுகாப்பையும் சுற்றுலா வளர்ச்சியையும் ஒருங்கே கருத்தில் கொண்டு ஏகமனதாகத் தீர்மானித்தது: தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழலாம், அப்பா தடைக்குக் கட்டும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கலாம், சட்டை அவசியம், தோளில் துண்டு அனுமதிக்கப்படும். எண்ணெயைப் பற்றிக் கொஞ்ச நேரம் சர்ச்சை ஓடியது. குளிக்காத ஆளுக்கு எண்ணெய் எதற்கு என்று அதையும் துடைத்துவிட்டார்கள்.

“சிரிக்கவாவது செய்யட்டுமா சார்?” மாரிச்செல்வி மூக்கை உறிஞ்சினாள்.

“தடையைப் பாத்துச் சிரிச்சா கேலி பண்ணுத மாதிரி இருக்கும்.”

மாவட்ட முதல் பரிசு கிடைத்தது.

சென்னையில் இப்போது ஒரு படம் என்றால் அதில் ஏதாவது இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் நாகரிகம். இந்தப் படத்தில் முக்கியமானது எதுவுமே இல்லை. நடுவர்கள் உருகிப்போனார்கள்.

“கொட்டும் நீருக்கு முன்னால் காய்ந்து நிற்கும் நவீன மனிதன்! இது சட்டையா? இல்லை, நம் எல்லோருடைய தயக்கம்!” என்றார் குறுந்தாடிக்காரர் ஒருவர்.

“அப்படியா சார்?” என்றாள் மாரிச்செல்வி. அந்த அடக்கத்தையும் பாராட்டி மாநில முதல் பரிசைக் கொடுத்துவிட்டார்கள். அவள் ஊர் வந்து சேர்வதற்குள் படம் எல்லார் போனுக்கும் வந்து சேர்ந்திருந்தது.

அடுத்த வாரம் தண்ணீர் அளவாக விழுந்தது, தடை இல்லை. சங்கரபாண்டி மகளைக் கூட்டிக்கொண்டு குற்றாலம் போனார். எண்ணெய் தேய்க்கச் சட்டைப் பித்தானைக் கழற்றியதும் கூட்டம் சூழ்ந்துகொண்டது.

“துண்டு அண்ணாச்சி! சட்டையைப் போடுங்க, ஒரு செல்ஃபி!”

குடும்பத்தோடு வந்திருந்த தங்கசாமியும் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்டார். ஒன்று முடிந்தால் அடுத்தது. வெயில் சாய்ந்துவிட்டது.

“விடுங்கய்யா, ஒரு முங்கு குளிச்சுட்டு வந்திருதேன்.”

“குளிச்சா எப்படி அண்ணாச்சி? அர்த்தமே போயிருமே!”

சங்கரபாண்டி மகளைப் பார்த்தார். “ஏட்டி செல்வி, நீயாவது சொல்லேன்.”

மாரிச்செல்விக்குப் பாவமாகத்தான் இருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அப்பாவிடம் போனாள். சரிந்திருந்த துண்டைத் தோளில் நேராகப் போட்டாள். பின்னால் நகர்ந்து போனைத் தூக்கினாள்.

“யப்பா, அண்ணாந்து அருவியைப் பாருங்க. ஆங்… அப்படியே நில்லுங்க.”